ஒட்டுப்பால்

மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேலே
காலுக்குப் பக்கத்தில் வெள்ளம் ஓடுகிறது.
இருபத்தைந்து மீட்டர் கீழே, பறளியாற்றங்கரையில்
ஒரு குளச்சல் வலை,
அதற்கடியில் ஏழு பழைய மெத்தை.
அன்னாசித் துண்டில் மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றபடி
சுற்றுலா வந்தவர்கள் கேட்கிறார்கள்: ட்ரோனா?

இல்லை. பெட்டிக்குள் பெட்டி.
வெளிப்பெட்டி காற்றோடு மல்லுக்கட்டும்.
உட்பெட்டிக்கு அந்தச் சண்டை தெரியாது,
தான் விழுவதும் தெரியாது.
இரண்டே கால் நொடிக்கு
அதற்குக் கீழ் என்று ஒரு திசை கிடையாது.

நான் ஜெஸிந்தா. விடியுமுன்
இருநூற்றுப் பத்து மரத்தில் பால் வெட்டிவிட்டு
குலசேகரம் பஸ்ஸில் கல்லூரி ஆய்வகத்துக்கு வருகிறவள்.
ஷெர்லின் மேடம் சூடுகம்பியால் நைலான் நூலை அறுப்பார்.
கீழே ஆளில்லை என்று கத்துவது என் வேலை.

கண்ணாடிக் குப்பியில் நீலம் கலந்த ஸ்பிரிட்.
அடியில் துளை. துளையில் சின்ன மோட்டார்.
விழத் தொடங்கியதும் அது உறிஞ்சும்,
கேமரா நொடிக்கு இருநூற்று நாற்பது தடவை கண் திறக்கும்.

சாயங்காலம் லேபில்
ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தோம்.
முதல் படம்: மட்டமான நீலம், டம்ளரில் டீ மாதிரி.
நாற்பதில் ஓரங்கள் நிமிர்ந்தன.
வலைக்காரர் மிக்கேலடிமை குனிந்து பார்த்தார்.
"எம்மா, வெள்ளம் கேறுது."

கேறியது.
சுவரைப் பிடித்துப் பிடித்து, யாரும் கூப்பிடாமலே.
நடுவில் குழி. குழி கிணறானது.
முந்நூற்றுப் பதினொன்றாவது படத்தில்
கிணற்றின் நுனி துளையைத் தொட்டது.
அதன்பிறகு மோட்டார் குடித்ததெல்லாம் காற்று.
சுவர் முழுக்க நீலம் நின்றது, வாய்க்கு எட்டாமல்.

மேலே போன கலத்தில் இப்படியானால்
எரிபொருள் இருக்கும்போதே எஞ்சின் இருமி நின்றுவிடும்
என்றார் மேடம். மீதம், முப்பத்தொரு சதவீதம்.
இரண்டு தடவை அடிக்கோடு போட்டார்.

எனக்கு அது அதிசயமாகப் படவில்லை.
சிரட்டையை எவ்வளவு கவிழ்த்தாலும்
வாளிக்கு வராமல் ஒட்டி நிற்பதற்கு
எங்கள் பக்கம் பெயர் உண்டு, தனி விலையும் உண்டு.

"ஒட்டுப்பால்" என்றேன்.
"என்னது?"
"ஷீட்டுக்கு ஆகாது. சுரண்டிச் சாக்கில் கட்டி விற்போம்.
கணக்கில் சேர்க்காத முதலாளி கிடையாது."
அட்டவணையின் கடைசிக் கட்டத்தில்
மேடம் பென்சிலால் எழுதினார்: ஒட்டுப்பால்.

அவசரப்படுத்தியதால்தான் மிஞ்சுகிறதோ என்று
மோட்டாரைப் பாதி வேகத்துக்குக் குறைத்தோம்.
குழி மெதுவாக இறங்கியது.
இறங்கிக்கொண்டே இருந்தது.
துளைக்கு ஒரு விரற்கடை மேலே இருக்கையில்
வலை வந்துவிட்டது.
ஐந்நூற்று நாற்பதாவது படத்தில்
நீலத்துக்குத் திடீரென்று கீழே எதுவென்று நினைவு வந்து
மொத்தமும் சரிந்தது.

இதைவிட உயரமாக விழ இடம் வேண்டும்.
மேடம் மாவட்ட வரைபடத்தை விரித்தார்.
மலைகள் இருக்கின்றன,
செங்குத்தாக ஒன்றும் நமக்கென்று நிற்கவில்லை.
மிக்கேலடிமை கிழிந்த கண்ணிகளைத் தைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நாலரை மணி. நெற்றியில் லைட்.
முதல் மரத்தில், நேற்றைய வெட்டில் காய்ந்திருந்த
ஒட்டுப்பாலை நகத்தால் கிளப்பி உரித்தேன்.
ஒரே நாடாவாக வந்தது, சாய்வாக,
பால் போன வழியின் நீளத்துக்கு.
வழக்கமாகச் சாக்கில் போடுவேன்.

அன்றைக்குச் சுருட்டி டிபன் பாத்திரத்தின் மேல் வைத்தேன்.
குப்பியின் சுவரிலிருந்து துளைவரைக்கும்
இந்த அகலத்தில் ஒரு தகரம் இருந்தால்
அதைப் பிடித்துக்கொண்டு வருமா என்று
மேடத்திடம் கேட்க வேண்டும்.

இன்னும் இருநூற்று ஒன்பது மரம்.